கழுவ முடியாத தட்டு

பேருந்து நிலையத்தில் அவள் வாயைத் திறந்தால் ஊரே ஒரு நொடி நிற்கும். "மூன்றாம் மேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்துவிட்டால், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுபவர்கள் உண்டு. ஓட்டுநர்களுக்கே அவளிடம் பயம். அதனால்தான் அவளுக்கு மைக் அத்தை என்று பெயர்.

அதே குரல் தம்பி வீட்டு வாசலைத் தாண்டியதும் எங்கேதான் போய் ஒளியுமோ! அங்கே அவளுக்கென்று ஒதுக்கிய இடம் பாத்திரம் தேய்க்கும் தொட்டி. யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், யாருக்குப் பதவி உயர்வு வந்தாலும், அத்தைக்கு வந்தது எச்சில் தட்டு. குடும்ப ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எல்லோரும் பல் தெரியச் சிரிப்பார்கள். அவள் மட்டும் இருக்கமாட்டாள். ஒரே ஒரு படத்தில், சமையலறைக் கதவோரம் ஒரு முழங்கை தெரியும், சோப்பு நுரையோடு. அதுதான் அவள்!

"கல்யாணமா, குழந்தையா? அக்காவுக்கு வேற என்ன வேலை?" என்பான் தம்பி. கட்டில் மெத்தை வியாபாரம் அவனுக்கு. அதனாலோ என்னவோ, மனசாட்சியும் நன்றாகவே தூங்கியது.

அவன் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. அந்தப் பெண் வரவேற்புக்கு ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு துண்டு பிளாஸ்டிக் வரக்கூடாது. தட்டு, கிண்ணம், கரண்டி எல்லாம் மண்ணுல மக்கணும். சாப்பிட்டோமா, போட்டோமான்னு இருக்கணும். யாரும் எதையும் கழுவக்கூடாது. அத்தை முதல் வரிசையில உட்காரணும்."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி மனைவிக்கோ அந்த நிமிடமே இயற்கை மேல் பாசம் பொங்கியது. நேற்றுவரை வெங்காயத்தையே பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டவள்!

"எதுக்குடி தூக்கிப் போடுற தட்டு? மண்டபத்துலயே பீங்கான் தர்றாங்க. கழுவிக் கழுவி வெச்சுக்கிட்டா பூமிக்கு எவ்வளவு நல்லது!"

"யாரும்மா கழுவுறது?"

"அண்ணி இருக்காங்கள்ல."

ஆக, பூமியைக் காப்பாற்றுகிற பொறுப்பும் அத்தையின் இரண்டு கைகளில் வந்து விழுந்தது.

"அப்போ எனக்கு வரவேற்பே வேணாம்" என்று மகள் எழுந்துவிட்டாள். தம்பி இறங்கி வந்தான். "சரி, சரி. மலிவா இருக்கணும், அவ்வளவுதான். அக்கா, நீயே போய்ப் பார்த்து எடுத்துட்டு வா." அதற்கும் அக்காதான். மகளும் கூடவே கிளம்பினாள்.

கடைக்காரர் தட்டுகளைச் சொந்தப் பிள்ளைகளைப் போல வரிசையாக நிறுத்தினார். மூங்கில் தட்டு அழகாக இருந்தது. விலையைக் கேட்டதும் அத்தை அதை மெதுவாகப் படுக்கவைத்தாள். அடுத்து வந்த காகிதத் தட்டு பளபளவென்று மின்னியது.

"இதுவும் சுற்றுச்சூழலுக்கு நல்லதும்மா. மூணு நாலு தடவை கழுவிக்கூட வெச்சுக்கலாம்."

சூடான வாணலியைத் தொட்டவள் போல அத்தை கையை இழுத்துக்கொண்டாள்.

"காகிதத்தை எப்படிங்க கழுவுவாங்க?" என்றாள் மணப்பெண்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "உள்ள ஒரு பூச்சு... மெல்லிசான பிளாஸ்டிக்..."

"உள்ளேயே வைங்க."

அத்தை முன்னால் குனிந்தாள். "ஐயா, கழுவவே முடியாத தட்டு ஏதாவது இருக்கா?"

இத்தனை வருட வியாபாரத்தில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. தயங்கித் தயங்கிக் கீழ் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். மங்கலான நிறம். "வெறும் கரும்புச் சக்கை. பூச்சு கிடையாது. இருக்கறதுலயே விலை கம்மி. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தாங்கும். ஊறப்போட்டா கூழாயிடும். அதனாலேயே நிறைய பேர் வேணாம்னுடுவாங்க."

அத்தை அந்தத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இருங்க அத்தை, மாதிரிக்கு எடுத்துப் பார்ப்போம். மாமனார் மடியில சூப் கொட்டிச்சுன்னா அவ்வளவுதான்."

வீட்டில் சோதனை நடந்தது. கொதிக்கும் சூப்பை அதே சக்கையில் செய்த கிண்ணத்தில் ஊற்றி, தம்பி மனைவியின் செல்ல மேசைவிரிப்பின் மேலேயே வைத்தார்கள். தொலைக்காட்சியில் ஒரு தொடர் முழுதாக ஓடி, நாயகி அழுது முடித்தாள். விரிப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. பிறகு அத்தை அதைத் தொட்டியில் ஊறவைத்து, தேய்க்கும் நாரால் ஒரு இழு இழுத்தாள். நார் மட்டும் கையில் மிஞ்சியது. விடுதலைத் தீர்ப்பைக் கேட்டவள் மாதிரி அவள் சிரித்த சிரிப்பை அந்தத் தொட்டி அதுவரை பார்த்ததில்லை.

"அழுக்குத் துணி நிறத்துல இருக்கு. அண்ணி ரசனை!" என்று உதட்டைப் பிதுக்கினாள் தம்பி மனைவி. விலையைக் கேட்ட தம்பிக்கு நிறம் உடனே பிடித்துப்போனது.

வரவேற்பில், நீலப் புத்தாடையில், முதல் வரிசையில் அத்தை. படம் எடுக்கும்போது பழக்கத்தில் கைகளைப் பின்னால் மறைத்தாள். மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்த மணப்பெண், அந்தக் கைகளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

விருந்து முடிந்தது. எல்லோரும் தட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் தம்பி மனைவியின் கண் அங்கேயே போய் நின்றது. ஐயோ, எவ்வளவு கெட்டியான தட்டு! அள்ளினாள். மண்டபத்துச் சமையலறைத் தொட்டியில் கோபுரமாக அடுக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு, நேராக முதல் வரிசைக்கு வந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் ஊறவெச்சிருக்கேன். அடுத்த விசேஷத்துக்கு ஆகும். ஒரு கை பார்த்துடுங்களேன்."

பாழாய்ப்போன பழக்கம்! ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தை பாதி எழுந்தே விட்டாள். மேடையில் மணப்பெண்ணின் முகம் சுருங்கியது. அத்தை அதைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"முதல்ல நீ போய்ப் பாரும்மா, இன்னும் இருக்கான்னு."

சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து ஓர் அலறல். தொட்டி நிறையக் கூழ், அடைத்துக்கொண்ட குழாய், தரையெல்லாம் வெள்ளம். தம்பி ஓடினான். புதுக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் கையைத் தோள்வரை உள்ளே விட்டான். விருந்தில் ஒரு காட்சியையும் விடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்த புகைப்படக்காரர், கதவோரம் நின்று அந்த முழங்கையையும் எடுத்துக்கொண்டார்.

"அக்கா!" என்று உள்ளிருந்து கத்தினான். "அக்கா, சீக்கிரம் வா!"

அத்தை கடைசிக் கரண்டியை நிதானமாக விழுங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். பேருந்து நிலையத்துக் குரல், குடும்பத்தார் நடுவில் முதல்முறையாக, மைக் இல்லாமலே மண்டபம் முழுக்க ஒலித்தது.

"அந்த வண்டி போயாச்சு, தம்பி!"

விருந்தாளிகளில் நாலைந்து பேர் பதறியெழுந்து தங்கள் பைகளைத் தேடினார்கள்.