ஆட்டுக்குட்டிக்குக் கரைத்த பால்

எனக்கு ஆடு பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள் என்னை ஏதோ இளகிய மனசுக்காரி என்று நினைத்துவிடுவார்கள். கறியாக வந்தால் சாப்பிடுவேன், உயிரோடு வந்தால் விலகிப் போவேன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு குட்டியைப் பால் கொடுத்தே கொன்றேன்.

ஊர் விட்டு வந்து குடியேறிய நகரத்தில், லின்ஃபீல்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டை விற்றுவிட்டார்கள். நகரத்தின் மறு ஓரத்தில் பாட்டனி டவுன்ஸைத் தாண்டி, வீடுகள் குறைந்து புல்வெளிகள் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய வீடு கிடைத்தது. நான் மத்தியானம் வரை வேலை செய்த துணிக்கடைக்குப் பக்கம் என்பதால் எடுத்தோம். முன் வீட்டில் வீட்டுக்காரி இருந்தார். எப்போதும் ரப்பர் கம்பூட்ஸோடு திரியும் வெள்ளைக்காரப் பெண்மணி. பின்னால் இருந்த புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு ஆடுகள் வைத்திருந்தார்.

ஓகஸ்ட் மாதத்தில், இங்கே குளிர்காலம் முடியும் நேரம், ஒரு ஆடு மூன்று குட்டி போட்டது. இரண்டுக்குத்தான் பால் கொடுத்தது. மூன்றாவதை முட்டித் தள்ளியது. வீட்டுக்காரி தாயிடமிருந்து சீம்பாலைக் கறந்து போத்தலில் கொடுத்து அதைக் காப்பாற்றினார். இரண்டு கிழமை ஆனதும் என் மகளிடம் தந்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் வசந்த காலத்தில் ஒருநாள், பிள்ளைகள் தாங்களே வளர்த்த ஆட்டுக்குட்டியையோ கன்றுக்குட்டியையோ கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கூப்பிட்டால் பின்னால் வருகிறதா என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். அதனால் குட்டி அவளிடம் பழக, அவள் மட்டும்தான் பால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். காலை ஏழு மணி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்றரை, இரவு எட்டு என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். இடையில் யாரும் ஒன்றும் கொடுக்கக் கூடாது.

கொதிநீர்க் கேத்தலை அவள் தொட நான் விடுவதில்லை. ஆகவே பாலைக் கரைப்பது என் வேலை. குட்டிகளுக்கென்று விற்கும் பால்மா, இத்தனை கரண்டிக்கு இத்தனை தண்ணீர் என்று வீட்டுக்காரி அளந்து காட்டினார். உடம்புச் சூட்டுக்கு ஆற வேண்டும். ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் வயிறு ஊதாது. போத்தலை ஒவ்வொரு முறையும் சுடுநீரில் கழுவ வேண்டும். குடித்து முடித்த பிறகும் குட்டி இன்னும் கேட்க வேண்டும், அதுதான் சரியான அளவு என்றார். என்ன கஞ்சத்தனம் இது என்று நான் மனசுக்குள் நினைத்தேன்.

அந்தப் பால் தண்ணீராக இருந்தது. அப்படிப்பட்ட பாலை எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது தம்பிக்கு எட்டு மாதம். ஒரு டின் பால்மா எத்தனை நாளைக்கு ஓடும் என்று தெரியாமல் அம்மா அரைக் கரண்டி போட்டு ஒரு கோப்பை கரைப்பார். அவன் குடிப்பான், குடித்துவிட்டு அழுவான். தம்பி பிழைத்துக்கொண்டான், இப்போது தொப்பையோடு லண்டனில் இருக்கிறான். ஆனால் அந்தப் பாலின் நிறம் எனக்கு மறக்கவில்லை. கையில் முழுப் பை மாவை வைத்துக்கொண்டு ஒரு வாயில்லா ஜீவனுக்கு அந்தத் தண்ணீர்ப் பாலைக் கரைத்துக் கொடுக்க என் கை வரவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு கரண்டி கூடப் போட்டேன். மகளிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் குட்டிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. முதலில் மஞ்சளாக, பிறகு வெறும் தண்ணீராக. வாலெல்லாம் ஒட்டிப்போய், முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரி வந்து கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் திரும்பிப் போனது. எத்தனை கரண்டி போடுகிறீர்கள் என்று கேட்டார். மகள் சரியான எண்ணைச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

ஒன்றரை நாளைக்குப் பால் வேண்டாம், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த மருந்துத் தூளை வெந்நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், சூடாக வைத்திருங்கள் என்று சொன்னார். இரண்டாம் நாள் பின்னேரம் பாதி அளவு பால் தொடங்கலாம் என்றார். மகள் அதைக் கேட்டு, என் முகத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில் இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள். அழுதாலும் பால் கொடுக்கக் கூடாது, விளங்கியதா என்று.

"ஓம் பிள்ளை, விளங்கிட்டுது," என்றேன்.

இரண்டாம் நாள் எனக்கு வேலை இல்லை. வீட்டில் நானும் குட்டியும்தான். வயிற்றோட்டம் நின்றிருந்தது. பத்து மணிக்கு எழுந்து நின்று கத்தத் தொடங்கியது. மருந்துத் தண்ணீரை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பியது. வானொலியைச் சத்தமாகப் போட்டேன். குளியலறையைக் கழுவினேன். பதினொரு மணி வரைக்கும் தாங்கினேன், அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. ஒரு போத்தல் நிறையக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தேன். வாலை ஆட்டிக்கொண்டு ஒரே இழுவையில் குடித்து முடித்தது. அது கத்தாமல் படுத்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு மணிக்கு மறுபடியும் கத்தியது. மறுபடியும் கொடுத்தேன்.

மூன்றரைக்கு மகள் வந்தாள். குட்டி தெம்பாக நிற்பதைக் கண்டு துள்ளினாள். பாதி அளவு பாலைக் கரைக்கச் சொன்னாள். அப்போது சொல்லியிருக்கலாம். நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், இப்போது வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் கோபிப்பாள் என்று பயந்தேன். நாற்பது வயதுக்காரி, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பயந்து பாலைக் கரைத்துக் கையில் கொடுத்தேன். அவள் குட்டியின் தலையை நிமிர்த்திப் பிடித்து, சொல்லிக் கொடுத்தபடியே பக்குவமாகப் பருக்கினாள்.

ஐந்து மணிக்குக் குட்டியின் வயிறு இறுகி ஊதிவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தது. படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. வீட்டுக்காரி ஓடி வந்து வயிற்றைத் தேய்த்தார், சோடா மாத் தண்ணீர் பருக்கினார், பிறகு மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள் என்றார். ஒடாஹுஹுவில் வேலை முடிந்து கணவர் அப்போதுதான் வந்து இறங்கினார். காரைத் திருப்பினோம். மகள் பின் இருக்கையில் குட்டியை மடியில் வைத்திருந்தாள்.

"பாதிப் பாலுக்கு இப்பிடி ஊதுமோ?" என்றார் கணவர். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் ஏதும் குடுத்தனீரோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"ரெண்டு தரம். கத்திச்சுது, பாவம்..."

"உமக்கென்ன விசரோ?"

பின்னால் குட்டியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மகள் பதில் சொல்வதுதான் ஆங்கிலத்தில். தமிழ் எல்லாம் அவளுக்கு விளங்கும்.

வைத்தியர் குட்டியை மேசையில் கிடத்தும்போதே அது முடிந்துவிட்டது. நடந்ததைக் கேட்டார். நான் என் வாயால் சொன்னேன், கரண்டிக் கணக்கையும் சேர்த்து. பால் அளவுக்கு மீறிப்போய் உள்ளே புளித்துக் காற்றாகிவிட்டது என்றார். அந்தக் கடைசிப் போத்தலையாவது கொடுக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும், நிச்சயமில்லை என்றார்.

கடைசிப் போத்தலைக் கொடுத்தது தான்தான் என்று மகள் அவரிடம் சொன்னாள். அழாமல் சொன்னாள். இல்லை பிள்ளை, நான்தான், நான்தான் என்று அவள் தோளைப் பிடித்தேன். தோளை விலக்கிக்கொண்டாள். செய்ததெல்லாம் நான், ஆனால் அது அவள் கையால் செத்ததாக ஆக்கிவிட்டேன்.

வேறு பிள்ளைகள் தங்கள் குட்டிகளோடு நின்ற நாளில் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. என்னோடு அவள் சண்டை பிடிக்கவும் இல்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் வீட்டுக்காரி இன்னொரு குட்டி தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன், வேண்டும் என்றாள். இந்த முறை வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பாலைத் தகப்பன் கரைத்தார். முதல் நாளே என் முன்னால் வந்து நின்று, வழக்கமில்லாமல் தமிழில் சொன்னாள்: "அம்மா தொடக் கூடாது."

தொடவில்லை. குட்டி கத்தும் நேரங்களில் நான் வெளியே போய்த் தெருமுனை வரை நடந்தேன். அந்தக் குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை; நன்றாக வளர்ந்தது.

ஆனால் தினமும் மூன்றரைக்கு மகள் உள்ளே வருவாள். பையை இறக்குவாள். குட்டியிடம் போகமாட்டாள், முதலில் குசினிக்குப் போய், போத்தலை எடுத்து, உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்ப்பாள். ஈரம் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் என் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். நான் கொடுக்கவில்லை என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் விரலை விட்டுத்தான் பார்த்திருப்பாள்.