ஐந்தாவது ஓட்டக்காரன்

பக்கத்து அறையில் தரை தடதடவென்று அதிர்ந்தது. அதன் பின்னாலேயே ராய்ஸின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"கோல் போட்டுட்டான்! ரெமி போட்டுட்டான்! லோர்னா, ரேடியோவைக் கேட்டியா?"

கேட்டாள். மான்கறிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி அவள் கையிலிருந்து நழுவிப் பானைக்குள் முழுகிப்போனது.

"ஒரு சத்தத்தையும் காணோமே? நீ என்ன, எதிரணிக்கு நேர்ந்துவிட்ட ஆளா?" என்று ராய்ஸ் அங்கிருந்தே சீண்டினார்.

"அடுப்புல வேலை இருக்கு" என்றாள். ஊரே கொண்டாடும் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் மூன்று மாதமாக அவளுக்குப் பயம். கட்டிய கணவன் ராய்ஸிடம்கூட அதைச் சொல்லவில்லை.

லோர்னா கோன்யேவுக்கு வயது ஐம்பத்திரண்டு. நியூயார்க்கின் வடகோடியில் பனி மூடிக் கிடக்கும் அந்தச் சின்னக் கல்லூரியின் தபால் அறையில் இருபத்து நான்கு வருடமாகக் கடிதம் பிரிக்கிறாள். ஒன்பது வருடமாக, மாலை வேளைகளில் நெடுந்தூர ஓட்டப் பையன்களுக்கு அவள்தான் பயிற்சியாளர்.

கல்லூரியில் படிப்பதே ஆயிரத்து அறுநூறு பேர். மற்ற விளையாட்டுகள் எல்லாம் மூன்றாம் பிரிவு. தன்னைப் போன்ற சின்னக் கல்லூரிகளோடுதான் மோதல். ஐஸ் ஹாக்கி மட்டும் தாத்தா காலத்திலிருந்து முதல் பிரிவு. முப்பதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகங்களை எதிர்த்து நிற்கும் அந்தப் பையன்களுக்கு ஆட்டத்துக்காகவே உதவித்தொகை உண்டு; மூன்றாம் பிரிவில் அது கூடாது. அவர்கள் சொகுசுப் பேருந்தில் போவார்கள். லோர்னாவின் பையன்கள் தபால் மூட்டை ஏற்றும் வேனில் போவார்கள், ஓட்டுவதும் அவளே. அதில் அவளுக்குப் பொறாமை இருந்ததில்லை. ஹாக்கி ஜெயித்தால் அவளும் ராய்ஸோடு சேர்ந்து குதித்தவள்தான்.

சென்ற இலையுதிர் காலத்தில் அவளிடம் நான்கே பையன்கள் மிஞ்சினார்கள். ஐந்து பேர் ஓடி முடித்தால்தான் அணி என்று கணக்கு. வாரா வாரம் அந்த நால்வரும் சேற்றில் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். முடிவுத் தாளில் கல்லூரியின் பெயரே இருக்காது. கடைசிப் பந்தயம் சொந்தக் குன்றில். பெற்றோர் எல்லாம் வந்திருந்தார்கள்.

அன்று காலை பார்சல் வாங்க வந்த ஹாக்கி அணியின் ரெமி அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன லோர்னா, யாராவது செத்துட்டாங்களா?"

"அஞ்சாவது ஆள் இல்லடா."

"நான் ஓடறேன். ரெண்டு நுரையீரலும் சும்மாதானே கிடக்கு!"

பேஸ்பால் ஆடுகிறவன் குளிர்காலத்தில் கூடைப்பந்து ஆடுவது அந்தக் கல்லூரியில் அன்றாட வழக்கம். அப்படித்தான் இதையும் நினைத்தாள். கூடுதலாக ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. ரெமி அறுபத்தோராவதாக வந்து, எல்லைக் கோட்டிலேயே வாந்தி எடுத்தான். நான்கு பையன்களும் அழுதுகொண்டே அவனைத் தூக்கிக்கொண்டார்கள். அணிக்கு ஆறாவது இடம். அந்தத் தாளை அவள் தபால் அறைச் சுவரில் பெருமையாக ஒட்டினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஹாக்கிக்கு உதவித்தொகை வாங்கும் மாணவர்கள் கல்லூரியின் மூன்றாம் பிரிவு விளையாட்டு எதிலும் இறங்கக் கூடாது. வருடா வருடம் வருகிற தாள்தான். அவள் இதுவரை படித்ததில்லை. தபால் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் படித்தாள். அன்றே சுவரிலிருந்த முடிவுத் தாளை உரித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஓடிய நாளிலிருந்தே ரெமி ஆடத் தகாதவன் என்று சொல்லிவிட்டால்? அவன் ஆடி ஜெயித்த ஆட்டமெல்லாம் அழிந்தால்? ஒவ்வொரு கோலும் அவள் தலைமேல் அடுக்கப்படும் கல்லாயிற்று.

வாசல் கதவு தட்டப்பட்டது.

திறந்தாள். தொப்பியில் பனியும் கையில் கோப்புமாக நின்றான் கர்ட்டிஸ் ஏமெல், கல்லூரியின் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் அதிகாரி.

"ஏன் இப்படிப் பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறீங்க? உள்ள விடுங்க, காது உதிர்ந்துடும் போல" என்று சிரித்தபடி மேசையில் ஒரு படிவத்தை வைத்தான். "அடுத்த வாரம் நாக் அவுட் ஆட்டங்கள் ஆரம்பம். ஹாக்கிப் பையன் யாரும் உங்க அணியில ஓடலைன்னு ஒரு வரி. சும்மா சம்பிரதாயம். கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ரேடியோவுல ஆட்டத்தோட கடைசிப் பகுதியையாவது நான் கேட்கணும்."

பேனாவை வாங்கினாள். ஒரே ஒரு கையெழுத்து. மூன்று மாதப் பயம் தீர்ந்துவிடும்.

"கர்ட்டிஸ், இதுல பொய் இருந்து பின்னாடி தெரிஞ்சா?"

"அப்போ சீசன் மொத்தமும் போச்சு. இருபத்தாறு பையன்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தான். "நீங்களா பொய் சொல்லப் போறீங்க?"

அவள் பேனாவை வைத்துவிட்டுக் கத்தி இழுப்பறையைத் திறந்து, அடியில் ஒளித்திருந்த அந்த முடிவுத் தாளை எடுத்து நீட்டினாள். ஐந்தாவது பெயரில் அவன் விரல் நின்றது. சிரிப்பு செத்துப்போனது.

"இதை யார் பார்த்தது?"

"மூணு வாரம் சுவத்துல ஒட்டியிருந்தது. உங்க ஆபீசுக்கு எதிர்லதான்."

"கடவுளே!" நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். குரல் தணிந்தது. "லோர்னா, நான் இங்க வரவே இல்லன்னு வச்சுக்கலாம்."

"வந்துட்டீங்களே."

பக்கத்து அறையில் ரேடியோ நின்றது.

"நாமளே சொன்னா ரெமிக்குச் சில ஆட்டம் தடை வரலாம். மத்தவங்க தப்பிக்க வழியிருக்கு" என்றான் கர்ட்டிஸ். "ஆனா உங்க பயிற்சியாளர் வேலை போயிடும். அந்த ஆறாவது இடமும் அழிஞ்சுடும்."

"ஹாக்கியில ஜெயிச்ச ஆட்டங்கள் அப்படியே நிக்குமா? சத்தியமா?"

"சத்தியம் பண்ற இடத்துல நான் இல்லையே."

ராய்ஸ் வாசற்படியில் வந்து நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"குழம்பு அடிப்பிடிக்குது" என்றார். வந்து அடுப்பை அணைத்தார். பிறகு பனியில் வெடித்துப்போன தன் கையை அவள் தோளில் வைத்தார். அவ்வளவுதான், அவள் உடைந்து அழுதாள்.

கர்ட்டிஸ் தாளைக் கோப்பில் வைத்து எழுந்தான்.

"ரெமிகிட்ட நானே சொல்லட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"சொல்லுங்க. நாளைக்குக் காலைல அவங்க பஸ் வந்து சேரும்." தொப்பியை மாட்டிக்கொண்டான். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, லோர்னா."

அவன் பனியில் இறங்கி நடந்தான். காரின் விளக்கு வளைவில் மறையும்வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.