அத்தானின் சைக்கிளுக்கு எடுத்த எக்ஸ்ரே

மதுரையில் எக்ஸ்ரே படிப்பை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எண்பதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு டாக்டர் தன் சிறிய ஆஸ்பத்திரியில் புதிதாக எக்ஸ்ரே மிஷின் வைத்திருந்தார். புதிதாக என்றால் அவருக்குப் புதிது. எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி பல வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துவிட்டதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதை இயக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் சுவிட்சைத் தட்டினால் வார்டில் எரியும் பல்புகள் எல்லாம் ஒரு நொடி மங்கித் திரும்ப எரியும். படுத்திருக்கும் நோயாளிகள் அதை வைத்தே, "யாருக்கோ படம் எடுக்காவ" என்று சொல்லிக்கொள்வார்கள்.

மாமரத்திலிருந்து விழுந்தவர்களின் இடுப்பு, சீசன் நேரத்தில் குற்றாலத்துப் பாறையில் வழுக்கியவர்களின் கணுக்கால், இவைதான் என் வேலை. சைக்கிளுக்குப் படம் எடுப்பேன் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் என் அக்காள் புருஷன்.

எங்கள் வீடு இலத்தூரில். அக்காவை ஆய்க்குடியில் கொடுத்திருந்தோம். அத்தான் கணக்கு வாத்தியார். நல்ல மனுஷர், ஆனால் எதிலும் விடை சரியாக வராவிட்டால் தூங்கமாட்டார். கல்யாணத்துக்கு அப்பா அவருக்கு ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார். கறுப்புச் சைக்கிள், தங்கக் கோடு போட்டது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைவிடச் சைக்கிளைத்தான் அதிகம் பேர் தொட்டுப் பார்த்தார்கள்.

இரண்டு வருஷம் ஒரு புகாரும் இல்லை. அதன்பிறகு ஒருநாள் சைக்கிளுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் 'டக்'. நிறுத்தி ஸ்டாண்டு போட்டால் 'டக்'. அத்தான் செயினை மாற்றினார், பெடலை மாற்றினார், மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மழையில் சேறு தெறிக்க ஒரு வாரம் பள்ளிக்கூடம் போனார். சத்தம் போகவில்லை. போதாக்குறைக்கு ஹேண்டில்பாருக்குக் கீழே, குழாய்கள் வந்து சேரும் இடத்தில், பெயிண்ட் உரிந்தது. உரிந்த இடத்தைச் சைக்கிள் கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது பத்தவெச்ச பிரேம் மாதிரில்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். இலையில் மோர் ஊற்றும்வரை அத்தான் பொறுத்திருந்தார்.

"மாமா, தப்பா நெனைக்காதிய. அந்தச் சைக்கிள் புதுசுதானா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "என்ன மாப்பிள்ள கேக்குதிய?"

"இல்ல, கடைக்காரரு ஒரு சந்தேகம் சொல்லுதாரு. பழைய பிரேமைப் பத்தவெச்சு, பெயிண்ட் அடிச்ச மாதிரி..."

"என் மகளுக்கு நான் பழைய சைக்கிளைக் குடுப்பேனா? பொட்டிக்குள்ள இருந்து பிரிச்சு மாட்டுனதை என் கண்ணால பாத்தேன். வேணும்னா எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லுங்க அந்தக் கடைக்காரனை!"

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அத்தான் கணக்கு வாத்தியார் இல்லையா? மெதுவாகத் திரும்பி, மோர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"சைக்கிளுக்கு எடுக்க முடியுமாட்டி?"

"முடியும் அத்தான்" என்றேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த பெருமை, வாய் முந்திக்கொண்டது. அக்கா என் முதுகில் கிள்ளினாள். அப்பா அதற்குமேல் மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

அக்காவின் கிள்ளலுக்குக் காரணம் இருந்தது. ஆய்க்குடி வீட்டில் ஏற்கனவே ஒரு புகைச்சல். அத்தானின் அம்மா மர அலமாரியை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார். அதன் சாவி ஆறு மாதத்துக்கு முன்பு காணாமல் போனது. வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடியும் கிடைக்காமல் பூட்டை உடைத்தார்கள். அதிலிருந்து மாமியார் அக்காவை நேரடியாக ஒன்றும் சொல்வதில்லை. "புதுசா ஆள் வந்த வீட்டுல சாவி எங்கன நிக்கும்?" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். இதில் சைக்கிளும் பழசு என்று வந்தால் அக்கா பாடு என்னவாகும்?

மறுநாள் டாக்டரிடம் போய் நின்றேன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இரும்புக்குள்ள போகுமாம்மா நம்ம மிஷின்?" என்று கேட்டார்.

"மெல்லிசுக் குழாய்தான் டாக்டர். பவரைக் கூட்டி வெச்சா போகும்."

"அப்ப எடுத்துப் பாத்திருவோம். தேதி முடிஞ்ச பிலிம் கொஞ்சம் கிடக்குல்லா, அதுல எடு. ஓ.பி. முடிஞ்சப்புறம் வரச் சொல்லு. நானும் இருக்கேன்."

அந்தச் சனிக்கிழமை மதியம் அத்தான் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு, ஆய்க்குடியிலிருந்து உருட்டிக்கொண்டே வந்திருந்தார். ஏறி ஓட்டினால் உள்ளே இருப்பது இடம் மாறிவிடுமாம். எக்ஸ்ரே அறை வாசலில் கட்டுப்போட வந்தவர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் சைக்கிளோடு அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

"உங்களுக்கு எங்க அடி?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கு இல்ல, வண்டிக்கு."

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பதிவேட்டில் எழுதாமல் எந்தப் படமும் எடுக்கக்கூடாது. நர்ஸம்மா ரொம்பக் கண்டிப்பு. அதனால் பெயர் என்ற இடத்தில் 'சைக்கிள்' என்றும், வயது இரண்டரை என்றும் எழுதினேன். உபாதை என்ற இடத்தில் 'டக் டக் சத்தம், ஆறு மாதமாக' என்று எழுதியபோது ஏதோ மனதில் தட்டியது. என்னவென்று யோசிப்பதற்குள் அத்தான் சைக்கிளை உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

இரண்டு பேருமாகத் தூக்கி மேஜையில் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். பெடல் இடித்தது, தலையணை வைத்தோம். அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் பை. சத்தம் வருகிற சீட்டுக் குழாயின் அடிப்பக்கம் ஒரு படம், பெயிண்ட் உரிந்த முன்பக்கம் ஒரு படம் என்று முடிவு செய்தேன்.

"அத்தான், நீங்க வெளிய போங்க."

"நான் பிடிச்சுக்கிடுதேன். வண்டி சரிஞ்சிரும்."

"சரியாது. கதிர் உடம்புல படக்கூடாது, போங்க."

மனசே இல்லாமல் போனார். நான் தடுப்புக்குப் பின்னால் போய், வழக்கம்போல, "மூச்சை நல்லா இழுத்து அடக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். கதவுக்கு வெளியே டாக்டர் சிரித்த சத்தம் கேட்டது. சுவிட்சைத் தட்டினேன். வார்டில் விளக்கு மங்கியது.

முதல் பிலிமை இருட்டறையில் கழுவிப் பார்த்தால் குழாய் வெறும் வெள்ளைக் கட்டை. பவர் போதவில்லை. மறுபடி கூட்டி வைத்து, இரண்டு இடத்தையும் எடுத்தேன். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கிளிப்பில் மாட்டிய பிலிமை மருந்துத் தொட்டியில் அசைத்துக்கொண்டே இருந்தபோது குழாயின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அடியில், பெடல் அச்சுக்கு மேலே, ஒன்று சாய்ந்து கிடந்தது. நீளமான தண்டு, ஒரு முனையில் வளையம், மறுமுனையில் இரண்டு பல்.

ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் பிலிமை வெளியே கொண்டுவந்து விளக்குப் பெட்டியில் மாட்டினேன். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"பாரின் பாடி" என்றார் கம்பீரமாக, உடம்புக்குள் போன அந்நியப் பொருளைச் சொல்வதுபோல. பிறகு, "ஏம்மா, இது சாவில்லா?"

அத்தான் பக்கத்தில் வந்தார். பார்த்தார். அவர் முகம் வெளிறியதை நான் எக்ஸ்ரே இல்லாமலே பார்த்தேன்.

"அத்தான், இது உங்க அம்மா அலமாரிச் சாவியா?"

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்குச் சீட்டை ஏத்தி வைக்கணும்னு கழத்துனேன். குழாய் வாய்ல துரு. சுரண்டுறதுக்கு ஒண்ணும் கிடைக்கல. வாசல் திண்டுல சாவி கிடந்துச்சு. அதை வெச்சுச் சுரண்டிட்டு இருக்கும்போது ஹெட்மாஸ்டர் வந்து கூப்பிட்டாவ. சாவியக் குழாய் வாய்லயே விட்டுட்டுப் போயி, பேசிட்டு வந்து, மறந்து சீட்டை மாட்டிட்டேன்."

"அப்புறம் சாவியத் தேடும்போது?"

"நான்தான் முன்னால நின்னு தேடுனேன்." பெஞ்சு விளிம்பை நகத்தால் சுரண்டினார். "உங்க அக்கா டிரங்குப் பெட்டியைக்கூட நான்தான் கொட்டிப் பாத்தேன்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். அத்தான் வராந்தாவில் வைத்துச் சீட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினார். துருப்பொடி கொட்டியது. இரண்டாவது உலுக்கில் சாவி 'ணங்' என்று சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"சுகப்பிரசவம்" என்றார் நர்ஸம்மா. பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அதற்குள் நான் இரண்டாவது பிலிமைக் கொண்டுவந்து மாட்டியிருந்தேன். டாக்டரும் நானும் மட்டும்தான் பார்த்தோம். ஹேண்டில்பாருக்குக் கீழே, குழாயைச் சுற்றி, வளையல் போட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு. சந்தேகமே இல்லை. பிரேம் ஒருமுறை உடைந்து, பற்றவைத்தது.

டாக்டர் பேனாவால் அந்தக் கோட்டைத் தொடர்ந்தார். "பழைய பிராக்சர். ஆனா அருமையா கூடியிருக்கு. நான் கட்டுன எலும்புகூட இப்படிக் கூடுனதில்ல."

"டாக்டர்" என்றேன் மெதுவாக. "எங்கப்பா..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் அத்தான் கையில் சாவியோடு வந்து நின்று, "முன்பக்கம் என்ன டாக்டர்?" என்று கேட்டுவிட்டார்.

"முன்பக்கமா? பயப்பட ஒண்ணுமில்ல. தாராளமா ஓட்டலாம்" என்று சொல்லி டாக்டர் விளக்குப் பெட்டியை அணைத்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை. அத்தானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு விடையே தாங்கவில்லை.

அன்று சாயந்திரம் ஆய்க்குடியில் நடந்ததை அக்கா பிறகு வந்து சொன்னாள். அத்தான் சாவியை அவர் அம்மாவின் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாமியார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் திரும்பி, "உங்கப்பன் குடுத்த சைக்கிள்தானட்டி முழுங்குச்சு?" என்றிருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அலமாரிக்கு ஒரு புதுப் பூட்டு வந்தது. அதன் இரண்டு சாவியில் ஒன்றை அக்காவிடம் கொடுக்கச் சொன்னது அத்தான். கொடுத்தது மாமியார், முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு.

என்னிடம் மிச்சமிருந்தது அந்த வெள்ளைக் கோடு. அப்பா பொய் சொல்லுகிறவர் இல்லை. அதனால்தான் அது உறுத்தியது. இரண்டு வாரம் கழித்து, நல்ல சாரல் விழுந்த ஒரு காலையில், அப்பாவும் நானும் பஸ் ஏறிக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அப்பா, முன்பக்கப் படத்துல பத்தவெச்ச கோடு இருக்கு."

பிழிந்த துண்டையே இன்னொருமுறை பிழிந்தார். "மாப்பிள்ள பாத்தாவளா?"

"இல்ல."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "சைக்கிள் புதுசுதான்ட்டி. சத்தியமாப் புதுசு. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கடையில எடுத்தேன். நானும் ஆயுசுல புதுச் சைக்கிள் ஓட்டுனதில்ல பாத்துக்க. ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டுக் குடுப்போம்னு இங்கன வரைக்கும் வந்தேன். எண்ணெய் தேச்சுக் குளிச்சேன். திரும்பிப் போகும்போது இறக்கத்துல பிரேக்கப் பிடிச்சா, கையெல்லாம் எண்ணெய். வழுக்கிட்டு. வளைவுல பலாப்பழக் கடை. நேரா குவியல்ல கொண்டுபோயி விட்டுட்டேன்."

"அடிபட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பழந்தான் நாலஞ்சு சிதறிட்டு. பிரேம் அங்கன தெறிச்சிட்டு. செங்கோட்டையில ஒருத்தன் பித்தளை வெச்சுப் பத்தவெச்சு, பெயிண்ட் அடிச்சுக் கோடும் போட்டுக் குடுத்தான். உங்கம்மைக்குக்கூடத் தெரியாது." கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"அருமையா கூடியிருக்காம். அவர் கட்டுன எலும்புகூட இப்படிக் கூடுனதில்லையாம்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "செங்கோட்டைக்காரன் கெட்டிக்காரன்ட்டி!" என்று சொல்லிவிட்டு, பிழிந்த துண்டை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு இன்னொருமுறை அருவிக்குப் போனார்.

அத்தான் அந்தச் சைக்கிளைப் பதினொரு வருஷம் ஓட்டினார். பற்றவைத்த இடம் கடைசிவரை விரிசல் விடவில்லை. சாவி தெரிந்த படத்தை டாக்டர் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, வருகிற டாக்டர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். கோடு தெரிந்த படத்தை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

அன்று மதியம் குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். இறக்கத்தில் பஸ் வளைந்தபோது சாலையோரம் பலாப்பழம் குவித்து வைத்திருந்த கடை தெரிந்தது. கடைக்காரர் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார். அப்பா சட்டென்று குனிந்து, காலில் இல்லாத செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.