ரெண்டு நாய் வேடியப்பனும் ஒரு காலிக் கட்டமும்

போன வாரம் மூன்று வேடியப்பன்களில் இரண்டு பேரைக் காணாமல் போக்கிவிட்டேன். ஒரே ஒரு பட்டன்... அவ்வளவுதான்.

ஜவ்வாது மலையில் ஒரு விவசாயிகள் குழு, சாமை குத்தும் மிஷின் ஒன்று வைத்திருக்கிறது. யார் எத்தனை மூட்டை கொண்டுவருகிறார்கள், யாருக்கு எப்போது முறை என்று பட்டியல் போட்டுத்தர எக்ஸலில் ஒரு மேக்ரோ, தானாக ஓடும் ஒரு குட்டி நிரல், உண்டு. எழுதியவர் செல்வம். என் வீட்டுக்காரர். அந்த மிஷின் கொட்டகையை ஏழு வருஷம் பார்த்துக்கொண்டவர்.

வாரம் பூராவும் மலையில் இருப்பார். சனிக்கிழமை மட்டும் வேலூரில், என்னோடு. அப்படி என்னதான் இருக்கிறது அந்த மலையில் என்று சண்டை போடுவேன். சிரிப்பார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போதெல்லாம் சனிக்கிழமை வந்தால் என்ன செய்வதென்றே எனக்குத் தெரிவதில்லை.

குழுத் தலைவி காளியம்மா போன் செய்தார். புதிதாகச் சில குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன, சார் போட்ட பட்டியலில் சேர்க்கத் தெரியவில்லை என்றார். நானோ எக்ஸல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். போகாமல் இருப்பேனா?

மேக்ரோவைத் திறந்தேன். டிக்‌ஷனரி போட்டிருந்தார். பயப்படாதீர்கள், சுலபம்தான். கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோம் இல்லையா? டோக்கனை நீட்டினால் அதற்குரிய செருப்பு வரும். இதுவும் அப்படித்தான். பெயரைக் கொடுத்தால் மூட்டைக் கணக்கு வரும். டோக்கன் ஒவ்வொன்றும் தனியாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

செல்வம் கொடுத்திருந்த பெயர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். 'வேடியப்பன் பலாமரம்', 'வேடியப்பன் மேட்டுக்கொல்லை', 'வேடியப்பன் ரெண்டு நாய்'. ஆபீஸ் ஃபைலில் நாய் எதற்கு? இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான் என்று முணுமுணுத்தபடி வால்களை எல்லாம் வெட்டி, வெறும் பெயரை மட்டும் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. பட்டனைத் தட்டி பிரிண்ட் எடுத்து, மிஷின் கொட்டகைச் சுவரில் ஒட்டியும் விட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள். ஒருவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நானும் வேடியப்பன்தாங்க. எம்பேரு எங்க போச்சு?"

அவருக்குப் பின்னால் இன்னொரு வேடியப்பன்.

அந்த மலைப் பக்கத்து ஊர்களுக்கு வேடியப்பன்தான் சாமி. தலைச்சன் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்காத வீடு குறைவு. ஒரே பெயர் மறுபடி வந்தால் டிக்‌ஷனரி சண்டை போடாது. பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும். பட்டியலில் கடைசியாக வந்த வேடியப்பன் மட்டும் மிஞ்சினார். மற்ற இருவருக்கும் அன்றைக்கு முறையே இல்லை. மூட்டையோடு திரும்பிப் போகலாம் என்றால், அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

வெட்கமாகப் போய்விட்டது. செல்வத்தின் பழைய ஃபைலைத் திறந்து வால்களை ஒவ்வொன்றாக ஒட்டினேன். ரெண்டு நாய் வேடியப்பன் பக்கத்திலேயே நின்றார். நாய்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். இரண்டும் செத்து வெகு நாளாகிறதாம். சார் இருந்தபோது நாய்களுக்கு பிஸ்கட் போடுவாராம்.

ஏழு வருஷம் நான் கேட்ட கேள்விக்கு அந்தப் பட்டியலில் வரிவரியாகப் பதில் இருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்க இத்தனை நாள் ஆயிற்று. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்போல் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

பட்டியல் சரியானது. பிரிண்ட் கொடுப்பதற்கு முன் என்ன நினைத்தேனோ... தேடும் கட்டத்தில் 'செல்வம்' என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? அவரிடம் ஏது கொல்லை, ஏது சாமை?

பிரிண்டைக் கையில் வாங்கிய காளியம்மா கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இன்னாமா, சார் பேரும் வந்துகீது?"

செல்வம். பக்கத்தில் காலிக் கட்டம்.

டிக்‌ஷனரியின் குணம் அது. இல்லாத பெயரைக் கேட்டால் இல்லை என்று சொல்லாது. அந்தப் பெயருக்கு ஓர் இடத்தை உண்டாக்கி, காலியாக வைத்துவிடும். மாணவர்களுக்கு நான் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லும் தவறு.

அழித்துவிட்டு வேறு எடுத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். காளியம்மா காகிதத்தைத் தரவில்லை.

"இருக்கட்டும்மா. கடேசி மொறைதானே? மிஷினும் கொஞ்சம் சூடு ஆறட்டும்."

அன்று எல்லா மூட்டையும் முடிந்தது. பட்டியலில் ஒரே ஒரு முறை பாக்கி. மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மேக்ரோவை இன்னும் திருத்தவில்லை. பெயரைத் தேடும் முன் 'இருக்கிறாரா' என்று ஒரு வரி கேட்கவேண்டும், அதுதான் விதி. பதில் தெரிந்த கேள்வி... அதனால் கேட்கவில்லை.