நாலு அங்குலம் உயர்த்தி, இரண்டு அங்குலம் இறக்கிய வண்டி

சேக்காட்டில் எங்கள் தெருவில், ஒரு வண்டியை நாலு அங்குலம் உயர்த்தி, அடுத்த வாரமே அதில் பாதியை இறக்கியவன் நான் ஒருவன்தான். அந்தக் கிண்டல் இன்னும் ஓயவில்லை. ஓயவும் வேண்டாம். அதை நினைத்தால் எனக்கு முதலில் வெட்கம் வருகிறது, அதன் பின்னாலேயே நன்றி வந்து நிற்கிறது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் அச்சுகளுக்கு அளவெடுத்து முப்பது வருஷம் வேலை பார்த்தவன். மனைவி அதே எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசர். அவள் வேலையை விட்டதும் கைக்கு வந்த பி.எஃப். பணத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குத்தம்பாக்கத்தைத் தாண்டி எண்பது சென்ட் நிலம் வாங்கினாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டு, களை எடுத்தவர்கள். பத்திரம் பதிவு செய்த அன்று என்னை 'கணவர்' என்று ஒரு ஓரத்தில் போட்டார்கள். நான் அந்த ஓரத்திலேயே சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டேன். கத்திரியும் வெண்டையும் அவள் பாடு, மோட்டார் போடுவது என் பாடு.

மூன்றாம் வருஷம் அவளுக்கு முதுகுத் தண்டில் தட்டு விலகி, ஆபரேஷன் ஆயிற்று. முகப்பேர் டாக்டர் நல்ல மனுஷர். நடக்கலாம், உட்காரலாம், கொஞ்ச நாள் போனால் காரிலும் போகலாம், ஆனால் உடம்பு குலுங்கக் கூடாது என்றார். எங்கள் நிலத்துக்குப் போகிறவன் குலுங்காமல் எப்படிப் போவான்? குத்தம்பாக்கம் புது பஸ் நிலையம் வரைக்கும் ரோடு வழுக்கிக்கொண்டு போகும். அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் ஏரிக்கரை. எங்கெங்கோ இடித்த வீடுகளின் கான்கிரீட்டை லாரிக்காரர்கள் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிற கரை. மழை பெய்தால் பள்ளம், வெயில் அடித்தால் அதே பள்ளம் இறுகிக் கல்லாகிவிடும்.

ஐந்து மாதம் அவள் நிலத்தைப் பார்க்கவில்லை. நான் போய் வீடியோ காலில் காட்டுவேன். "கேமராவைக் கீழ காட்டுங்க. இலைக்கு அடியில. அய்யோ, அது இலைக்கு மேல" என்று அங்கிருந்தே வேலை வாங்குவாள். அப்புறம் அப்புறம் கேட்பது குறைந்தது. ஒரு நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நெலத்தை வித்துடலாங்க. போக முடியாத எடம் நமக்கு எதுக்கு?" என்றாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. நறுக்கிய பீன்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த வாரமே ஏரிக்கரையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த கான்கிரீட் கட்டி ஒன்று எங்கள் பழைய எஸ்யூவியின் அடியில் குத்தி, ஆயில் சேம்பரை உடைத்தது. எண்ணெய் கொட்டிய இடத்தில் நின்றபடி முடிவெடுத்தேன். வண்டியை உயர்த்த வேண்டும், அடியில் கவசம் போட வேண்டும், அவளை இந்தக் கரையில் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, ஆவடியில் பீரங்கி வண்டிக்குத் தகடு வெட்டி ரிட்டயர் ஆனவன். எட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த தகடு அவன் கண்ணுக்குத் தகடாகவே தெரியாது. நானோ முடியை நெடுக்கில் பிளந்தால் எத்தனை மைக்ரான் என்று கேட்கிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் சார்ட் பேப்பரை விரித்தோம். எஞ்சினுக்கு அடியில் எட்டு மில்லி. கியர் பாக்ஸுக்கு எட்டு மில்லி. டீசல் டேங்குக்கு எட்டு மில்லி. "சைடுல மட்டும் ஏன் மாமா சும்மா உடணும்?" என்று இரண்டு பக்கமும் கனத்த இரும்புக் குழாய். இவ்வளவு கனத்தைத் தாங்கப் பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதல். பட்டை ஏறியதால் வண்டி உயர்ந்தது, பின்பக்கம் உயர்ந்ததால் முன்பக்கமும் உயர வேண்டும். ஒன்றுக்காக ஒன்று, அதற்காக இன்னொன்று. அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்த நாட்டு மேல படையெடுக்கறீங்க?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோமே தவிர, காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்பத்தூரில் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் சார்ட் பேப்பரைக் கொடுத்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எதையும் உடனே முடியாது என்று சொல்லமாட்டார், தலையைச் சொறிவார். அன்றைக்கு நன்றாகச் சொறிந்தார்.

"அண்ணாத்தே, இத்தினி தகடு இன்னாத்துக்கு? பார்டருக்கா போற? கத்திரிக்கா தோட்டத்துக்குத்தானே?"

"போடு. கணக்கு எல்லாம் போட்டாச்சு."

"சரி, வண்டில யாரு போவாங்க?"

நியாயமான கேள்வி. மனைவியின் முதுகைப் பற்றி நான் அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் குரல் உடைந்துவிடும் என்று பயம். கிரைண்டர் சத்தத்துக்கும் நாலு பேருக்கும் நடுவில் எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது. "நாங்கதான் போவோம். உரம், மூட்டை எல்லாம் ஏறும்" என்றேன். அவர் கேட்டபடி செய்து கொடுத்தார். குறை சொல்ல முடியாத வெல்டிங். ஒரு இடத்தில்கூட ஓட்டை கிடையாது.

அடுத்து நாங்கள் செய்த காரியத்தை, எஸ்டேட்டில் வயிறு வளர்த்தவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எதைச் செய்தாலும் முழு பாரம் ஏற்றிச் சோதிப்பதுதான் எங்களுக்குப் பழக்கம். பாரத்தில் தாங்கினால் பாஸ். மச்சான் வண்டி நிறைய இரும்புத் துண்டுகளை அடுக்கினான். ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி மெத்தையில் போகிற மாதிரி போயிற்று. கற்கள் அடியில் உரசிக்கொண்டே போக, தகடு கணீர் கணீர் என்றது. மச்சான் என் தோளில் தட்டினான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு இரும்பை ஏற்றினால்தான் அந்தப் பட்டைகள் வளையும், காலி வண்டியில் அவை கல்தூண் போல நிற்கும் என்பது, முப்பது வருஷ அனுபவம் உள்ள இரண்டு மடையர்களுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பங்குத் தந்தை வந்து வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அவர் தலை மறைந்ததும் மச்சான் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான், எதற்கும் இருக்கட்டும் என்று. மனைவி இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தாள். வண்டியின் கதவைத் திறந்தேன். கால் வைக்க வேண்டிய இடம் அவள் தொடை உயரத்துக்கு இருந்தது.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தார்கள். ஒரு கை என் தோளில், ஒரு கை தம்பி தோளில், மெல்ல ஏறி உட்கார்ந்தாள். முதல் வேகத்தடையில் பல்லைக் கடித்தாள். இரண்டாவதில், "நிறுத்துங்க" என்றாள். தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. வலியில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் ரெண்டு மாசமா அந்தக் கல்லையே நெனைச்சிகினு இருந்தீங்க. என்னை நெனைக்கவே இல்லை."

வீட்டுக்குத் திரும்பி நடந்தே வந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்று மச்சான் ஒரு வார்த்தை சொன்னான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அவனும் அழுதுகொண்டிருந்தான். அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நிலத்துக்கு ஆள் பார்க்கச் சொல்லி அவள் யாருக்கோ போன் பேசுவது எனக்குக் கேட்டது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பயந்தபடியே குரல் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவருக்குத்தான் கோபம் வந்தது.

"அக்காவுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ? நான் கேட்டேனா இல்லியா? மூட்டை ஏறும்ன. மூட்டைக்கு முதுவு வலிக்குமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு, என் பின்னாலேயே சேக்காட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. மனைவியிடம், "அக்கா, எந்த நாற்காலில குந்துனா வலிக்கல?" என்று கேட்டார். அவள் காட்டிய மர நாற்காலியில் அவளை உட்காரவைத்து, தரையிலிருந்து உயரம் எடுத்தார், முதுகு சாய்ந்திருக்கும் கோணம் எடுத்தார். மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் நிறுத்தி, வலி வராத அளவுக்குக் காலைத் தூக்கச் சொன்னார். அவள் தூக்கிய இடத்தில் ஒரு கோடு. "வலிச்சா சொல்லுங்கக்கா, வீம்புக்குத் தூக்காதீங்க" என்றார். அவள் சிரித்துவிட்டு, காலைக் கொஞ்சம் இறக்கினாள். கோட்டை அழித்துக் கீழே போட்டார். முப்பது வருஷம் அளவெடுத்தே பிழைத்த எனக்கு, எடுக்க வேண்டிய அளவு எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு வண்டியைப் பிரித்தார்கள். கூடுதல் பட்டைகள் வெளியே வந்தன. பக்கவாட்டுக் குழாய்கள் போயின. தகடு ஆயில் சேம்பருக்கும் கியர் பாக்ஸுக்கும் அடியில் மட்டும், அதுவும் மூன்று மில்லியில். மச்சான் அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டானே தவிர, எதிர்த்துப் பேசவில்லை. உயரம் இரண்டு அங்குலமாக இறங்கியது. அவள் காலுக்கு என்று அந்தக் கோட்டு உயரத்தில் ஒரு படி. அவ்வளவு தாழ்வாகப் படி வைத்தால் கல்லில் இடிக்குமே என்று நான் கேட்டேன். அவர் படியைக் கீலில் தொங்கவிட்டிருந்தார். கல் பட்டால் பின்னால் மடங்கிக்கொள்ளும், கல் தாண்டியதும் தானே வந்து நிற்கும்.

சோதிப்பதற்கு அவர் இரும்பு ஏற்றவில்லை. அவள் உட்காரும் சீட்டில் தானே உட்கார்ந்து, குண்டான் நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு, "ஓட்டு அண்ணாத்தே" என்றார். ஏரிக்கரையின் முதல் பள்ளத்திலேயே பாதித் தண்ணீர் அவர் பேன்ட்டில். இறங்கி டயர் காற்றைக் குறைத்தார். மறுபடி தண்ணீர், மறுபடி கரை. ஷாக் அப்சார்பரை மாற்றிப் பார்த்தார். மூன்று நாள் இப்படியே. "தெனமும் பேன்ட்டு நனைஞ்சு வர்றியே, இன்னா ஆச்சு உனக்குன்னு ஊட்ல கேக்கறாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாலாம் நாள் கரை முழுக்க ஓட்டி முடித்தபோது ஒரு கை அளவுதான் சிந்தியிருந்தது. குண்டானை எனக்குக் காட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. ஈரக் கை. இப்போதும் ஜெபத்தில் குடும்பத்துப் பெயர்களைச் சொல்லி முடித்ததும் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அவருக்கு அது தெரியாது.

அவளைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. மச்சான்தான் கூப்பிட்டான். "ஒரே ஒரு தபா, அக்கா. வலிச்சா வித்துடலாம், நானே ஆள் கூட்டிகினு வரேன்" என்றான். எலுமிச்சம்பழம் இல்லை, தெருவில் கூட்டமும் இல்லை. படியில் கால் வைத்தாள், ஏறி உட்கார்ந்தாள். முதல் வேகத்தடையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் பல்லைக் கடிக்கவில்லை. திருமழிசை தாண்டும்வரை மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஏரிக்கரையில் வண்டியை நடை வேகத்தில் விட்டேன். படி ஒரு கல்லில் பட்டு மடங்கித் திரும்பிய சத்தம் கேட்டது. கரையின் நடுவில் எதையோ பார்த்து, "அந்த வேலிகாத்தான் முள்ளை ஏன் இன்னும் வெட்டல?" என்று கேட்டபடி கையை நீட்டிக் காட்டினாள். கைப்பிடியை அவள் விட்டுவிட்டாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நிலத்தில் வண்டியை நிறுத்தி நான் சுற்றி ஓடி வருவதற்குள் அவளே இறங்கி நின்றிருந்தாள். கத்திரிச் செடிகளைப் பார்த்தாள். பாதி வாடியிருந்தது, மீதியில் பூச்சி. இதற்குத்தானா இத்தனை மாதம் பார்த்துக்கொண்டீர்கள் என்பதுபோல என்னை ஒரு பார்வை. அந்தப் பார்வைக்காக நான் எத்தனை தகடு வேண்டுமானாலும் கழற்றியிருப்பேன்.

ஆபரேஷனுக்குப் பின் அவள் போடுவது பட்டை வைத்துக் கட்டும் செருப்பு. அவளால் குனிய முடியாது. மண்ணில் இறங்க வசதியாக இருக்கட்டும் என்று நான் முட்டி போட்டு அந்தப் பட்டையைக் கழற்றப் போனேன். அவள் என் தலையில் கை வைத்துத் தடுத்தாள்.

"வேணாங்க. எங்கம்மா இந்தப் பக்கத்து வரப்புலல்லாம் நெலத்துக்காரங்க எதிர்ல செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சிகினுதான் நடக்கணும். நான் போட்டுகினே நடக்கறேன்."

சொல்லிவிட்டு, வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வரப்பின் மேல் மெல்ல நடந்து போனாள். நான் எழுந்திருக்க மறந்து மண்ணிலேயே இருந்தேன்.