பெரியப்பாவுக்குத் தமிழ் போன வருஷம்

புளி உடைக்கும் மாசி மாதத்தில் கர்நாடக எல்லையோரம் பேரிகை கிராமத்திலிருந்த எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தாலே பல் கூசும். முற்றம் முழுக்கக் கொட்டிக் கிடக்கும் புளியம்பழத்தின் வாசனை தலைமயிரில் ஏறி, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவளுக்கும் எச்சில் ஊற வைக்கும். அந்தப் புளியைச் சந்தையில் எல்லை தாண்டி வரும் மாலூர் வியாபாரிகளுக்கு விற்பவர் என் அப்பாவின் அண்ணன். பெரியப்பாவுக்கு வீட்டில் தமிழ், வயல்காட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் யாரும் திறமை என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

கன்னடத்துக்கு அவர் இன்னொரு உபயோகமும் வைத்திருந்தார். பெரியம்மாவின் மேல் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் திட்டுவார். ஊத்தங்கரையில் பிறந்து வளர்ந்த பெரியம்மாவுக்கு அது புரியாது. புரியாததால் பதில் சொல்ல முடியாது. ஆகவே சண்டை வளராது. “மனுசனுக்கு இன்னிக்குக் கன்னடம் ஏறிடுச்சு” என்று முனகிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த மாசியில் பெரியம்மாவின் தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. புளி வேலையைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்று பெரியப்பா சொல்ல, வீடு இரண்டுபட்டது. மறுநாள் காலையில் அவர் வலது கையிலிருந்து செம்பு நழுவி விழுந்தது. வாய் லேசாகக் கோணியது. “வாயுப் பிடிப்பு” என்று நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். சில நாளில் கையும் வாயும் தேறின. பேச்சு மட்டும் கன்னடத்திலேயே நின்றுவிட்டது, அதுவும் சந்தையில் பேசும் துண்டு துண்டான வார்த்தைகள். தெலுங்கும்தான் போயிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. களி வைத்தால் “பேடா”, வெந்நீர் வைத்தால் “பேடா”. வேண்டாம் என்கிறார் என்பது மட்டும் பெரியம்மாவுக்கு விளங்கியது. நாள் முழுக்கக் கன்னடம் என்றால் நாள் முழுக்கக் கோபம் என்றுதானே அர்த்தம்? “அண்ணனுக்கு வீம்பு ஜாஸ்தி” என்று அப்பாவும் ஒத்து ஊதினார்.

“எத்தன நாளைக்குக் கெஞ்சறது? நான் வேணாம்னா எந்தம்பி வீடு இருக்குது” என்று பெரியம்மா துணிமணிகளை மூட்டை கட்டினார். எனக்குத் தலை வாரிவிடுபவர் அவர்தான். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிய நேரத்தில், புளிக் குவியலுக்குள் கைவிட்ட பெரியப்பாவைத் தேள் கொட்டியது. “அய்யய்யோ, சேளு! சேளு!” என்று வீடே அதிரக் கத்தினார். வாசல்படியில் பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“தேள் கொட்டறப்பக்கூட ஒருத்தர் வீம்பு பண்ணுவாரா? இவரு கோவத்துல பேசல. இவருக்குத் தமிழே வரலைங்க!”

பெரியப்பா தேள் கொட்டிய கடுப்பையும் மறந்து, கண்ணில் நீர் வழியத் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். மூட்டை அங்கேயே அவிழ்ந்தது.

கிருஷ்ணகிரி டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “மூளையில இடது பக்கம் ரத்தக் குழாய் அடைச்சிருக்கும்மா. வலது கையையும் பேச்சையும் அந்தப் பக்கந்தான் பாத்துக்குது. பல பாஷை தெரிஞ்சவங்களுக்குச் சில சமயம் ஒண்ணு தப்பிச்சுக்கும். நீங்க பேசறது அவருக்குப் புரியுது, திருப்பிச் சொல்லத்தான் வரல.” ஒவ்வொரு மொழிக்கும் மூளைக்குள் தனித்தனி அறை இல்லை, அடிபடுவதும் மீள்வதும் ஆளுக்கு ஆள் மாறும் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பெரியம்மா சளைக்கவில்லை. கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைக் கற்க உட்கார்ந்தார், கூடவே நானும். ஆடி பிறப்பதற்குள் பழைய திட்டுகளுக்கெல்லாம் பொருள் தெரிந்துவிட்டது. “இத்தன வருசமா என்னை இதையா சொல்லிட்டிருந்தீங்க?” என்று ஆரம்பித்து, மீதியைக் கன்னடத்திலேயே பொரிந்து தள்ளினார். பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த பிறகும் அவர்கள் சண்டை மட்டும் கன்னடத்திலேயே நடந்தது.

அந்த வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு கம்பெனிக் கிடங்கு நிற்கிறது. ஒரே வீட்டுக்குள் மூன்று பாஷை புழங்கிய குடும்பங்களும் அருகிவிட்டன. ஒசூரில் என் பிள்ளைகள் இங்கிலீஷில் கோபித்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர், இத்தனை வருடமாகியும் கன்னடம் அறியாதவர். சாயங்காலம் காபி குடிக்கும்போது அவருக்குத் தினமும் நாலு வார்த்தை சொல்லிக்கொடுக்கிறேன். “இந்த வயசுல எனக்கெதுக்கு இது?” என்று அலுத்துக்கொள்கிறார்.

“உங்களுக்கில்ல, எனக்கு” என்கிறேன்.