சோப்பில் கழுவாத ஜெல்

குன்வோர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடமாக ஜெல் கழுவுகிறவள். வேலை சொல்லும்போது லேசு. ஒரு புரதத்தைச் சுற்றிப் பாலிமரை ஜெல்லாக இறுகவிட்டு, பிறகு அந்தப் புரதத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எடுத்துவிட வேண்டும். அது இருந்த இடத்தில் அதன் வடிவத்தில் குழி மிஞ்சும். நூறு புரதம் கலந்த நீரில் போட்டாலும் குழி தன் ஆளை மட்டும் பிடிக்க வேண்டும். பிடிப்பது குழிதானா என்று பார்க்க, புரதமே போடாத வெறும் ஜெல் ஒன்றையும் கூடவே செய்வோம்.

எங்கள் ஆய்வு மாணவன் மெல்கரின் முனைவர் பட்டம் அந்த இரண்டின் வித்தியாசத்தில்தான் நின்றது. அவன் ஜெல் முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை அள்ளிப் பிடித்தது. வெறும் ஜெல் அதைச் சீந்தவே இல்லை. நாலு வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை நடைக்கூடப் பலகையில் ஆணியடித்து மாட்ட வேண்டும். இங்கே ஸ்வீடனில் பட்டம் வாங்குமுன் அதுதான் வழக்கம்.

புதன்கிழமை காபி வேளையில் குன்வோர் பன்னைத் தொடவே இல்லை.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"வெறும் ஜெல்லுலேர்ந்து எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லையேன்னு அத பச்சத்தண்ணியில அலசி வச்சிட்டிருந்தேன். நாலு வருஷமா. நேத்து அதையும் சோப்புல கழுவிப் பார்த்தேன். அதுவும் அதே அளவு பிடிக்குது."

அப்படியானால், புரதத்தைப் பிடித்தது குழி இல்லை, ஜெல்லில் ஒட்டிக்கொண்ட சோப்பு. குன்வோர் சிக்கனமாக வளர்ந்த பெண். சோப்பை வீணாக்க மனசு வரவில்லை.

"இப்ப வாயத் தொறக்காத. பட்டம் வாங்கட்டும்," என்றேன். அதைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவள் கேட்கவில்லை. கணக்கெடுத்த தாளோடு நேரே மெல்கரிடம் போனாள். அவன் மூன்று தடவை படித்தான்.

"ஆணியடிக்கறதப் பார்க்க அம்மா வடக்கே கிருனாவுலேர்ந்து ரயில் ஏறிட்டாங்க," என்றான்.

"ப்ரொஃபசர்கிட்ட நீயே சொல்லு. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

அவனே சொன்னான். ஆணியடிப்பது நின்றது, பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. குன்வோரை யாரும் திட்டவில்லை. இங்கே திட்ட மாட்டார்கள், காபி மேசையில் பேச்சு மட்டும் நின்றுபோகும். அதற்குத் திட்டே தேவலை.

திங்கட்கிழமை மெல்கர் புதிதாக ஜெல் வார்த்தான். குன்வோர் வழக்கம்போல் கழுவ எடுக்கப் போனாள்.

"பரவாயில்ல குன்வோர், நானே கழுவிக்கிறேன்," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"ரெண்டையும் ஒரே மாதிரி கழுவு," என்றாள்.

அவன் திரும்பிப் பார்க்காமல் தலையாட்டினான். மாட்டிய கையுறையோடு அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.